555 புத்தகமும் ஒரு ஸ்குவாஷ் வகுப்பும்: 14 மாத அனுபவம்

பினாங்கில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளுகோர் பக்கத்தில் ஒரு பழைய மனமகிழ் மன்றத்தின் பின்புறத்தில் இரண்டு ஸ்குவாஷ் (நான்கு சுவர்களுக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம்) கூடங்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு காலைகளிலும் புதன்கிழமை மாலையிலும் அங்கே ஒரு தமிழர் 8 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று அழைக்கிறார்கள். தம் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். மாதக் கட்டணம் 120 ரிங்கிட். என் மகள் அங்கே சேர்ந்து 14 மாதங்கள் ஆகிவிட்டன. சேர்க்கைப் படிவத்தில் மூன்றே கேள்விகள்தாம் இருந்தன: பிள்ளையின் வயது என்ன, காலணி அளவு என்ன, வாரத்தில் எத்தனை நாள் தவறாமல் வர முடியும். உயரத்தைப் பற்றியோ, முன்பு ஏதாவது விளையாடியிருக்கிறாளா என்பதைப் பற்றியோ, திறமையைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

அந்தப் படிவத்தை நிரப்பும்போது எனக்குக் கண் கலங்கியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, வேறோர் இடத்தில் நடந்த திறன் கண்டறியும் முகாம் ஒன்றுக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். காலை 7 மணிக்கே போய் வரிசையில் நின்றோம். அவளுடைய முறை வந்ததும் உயரத்தை அளந்தார்கள். ஒரு பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் ஓடச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இயல்பான திறமை தெரியவில்லை, வேறு ஏதாவது முயன்று பாருங்கள் என்று அவள் காதுபடவே என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். வீடு வந்து சேரும்வரை காரில் அவள் வாய் திறக்கவில்லை. இரவு படுக்கப் போகும்போது மட்டும், "எனக்கு ஏம்மா அது இல்ல?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை எதை 'அது' என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என்ன பதில் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

இந்த வகுப்பின் முதல் நாளன்று மாஸ்டர் ஆளுக்கொரு பந்தைக் கையில் கொடுத்து, தோள் உயரத்திலிருந்து கீழே போடச் சொன்னார். ஸ்குவாஷ் பந்து ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ரப்பர் பந்து. உள்ளே காற்று மட்டுமே இருக்கும். போட்டிகளில் பயன்படுத்தும் பந்தின்மேல் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஆறிக் கிடக்கும் நிலையில் அதைத் தரையில் போட்டால், மணலில் விழுந்த எலுமிச்சம்பழத்தைப் போல எழும்பாமல் கிடந்துவிடும். பந்து கெட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் ஒரு பந்தை வாங்கி முன்சுவரில் அடிக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அடித்த பிறகு, அதே பந்தைக் கொண்டுவந்து என் மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள், அத்தனை சூடு. கீழே போட்டபோது பந்து துள்ளி எழுந்தது. அடிக்க அடிக்க ரப்பரும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறுவதாலும், காற்றின் அழுத்தம் கூடுவதாலும் பந்து எழும்புகிறது என்று அவர் விளக்கினார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு எளிதாக எழும்பும் நீலப் புள்ளிப் பந்தையும் பிறகு சிவப்புப் புள்ளிப் பந்தையும் கொடுக்கிறார். இரட்டை மஞ்சள் பந்துக்கு மாற ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அடுத்து அவர் கொடுத்தது ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சிறிய நோட்டுப் புத்தகத்தைத் தெரியாதவர்கள் நம் நாட்டில் இருக்க மாட்டார்கள். வகுப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் கூடத்தின் பின்பகுதியில் நின்று, பந்து பக்கச்சுவரை ஒட்டியே முன்சுவருக்குப் போய்த் திரும்பி வரும்படி தொடர்ந்து அடிக்க வேண்டும். பந்து போடுவதற்கென்று தரையில் வரைந்திருக்கும் கட்டத்தின் அகலம் 1.6 மீட்டர், அந்த அகலத்துக்குள்ளேயே பந்து விழ வேண்டும். வெளியே விழுந்தாலும், முன்சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு அடித்திருக்கும் தகரத்தில் பட்டு 'டண்' என்று சத்தம் கேட்டாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அன்றைய நாளின் அதிகபட்ச எண்ணிக்கையை முன்கை (forehand) அடிக்குத் தனியாகவும் பின்கை (backhand) அடிக்குத் தனியாகவும் பிள்ளையே தன் கையால் புத்தகத்தில் எழுத வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் கையெழுத்திடுவார். நன்று, சிறப்பு, முன்னேற்றம் தேவை போன்ற சொற்களுக்கு அந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது. நாள், முன்கை, பின்கை, கையெழுத்து, அவ்வளவுதான்.

என் மகளின் முதல் பக்கத்தில் முன்கை 4, பின்கை 1 என்று இருக்கிறது. பின்கை 1 என்பது ஆறு வாரங்களுக்கு 1 ஆகவும் 2 ஆகவும் மாறி மாறி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "மாஸ்டர், இவளுக்குப் பின்கை வரவே வராதோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த மாசம் எத்தன தடவ அடிச்சிருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு நாள் பதிவுக்கும் கீழே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. தவறிய முயற்சிகளையும் பிள்ளைகள் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் விதி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் 400க்கு மேல் கோடுகள். நான் பெரிய எண்ணை மட்டுமே பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்; பிள்ளை செய்த வேலை முழுவதும் கீழே பென்சில் கோடுகளாக இருந்திருக்கிறது. அவர் மகளின் கால் நிற்கும் விதத்தில் ஒரு சிறு மாற்றம் சொன்னார்: வலது பாதத்தை இன்னும் அரை அடி முன்னால் வைத்து, பந்து உடலைத் தாண்டுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். அந்தத் திருத்தத்தை ஏன் முதல் வாரமே சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, சொன்னேன், அப்போது அவள் உடம்புக்கு அது விளங்கவில்லை என்றார். ஏழாவது வாரத்தில் பின்கை 5 ஆயிற்று.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்கம் சொல்பவள். ஆனால் அதே வகுப்பறையில், கணக்கை விரைவாகப் போட்டுவிட்ட மாணவனை "கெட்டிக்காரன்" என்று பாராட்டியும், நான்கு முறை அழித்தெழுதிச் சரியான விடைக்கு வந்த மாணவியைப் பற்றி எதுவும் சொல்லாமலும் எத்தனையோ நாள்கள் கடந்திருக்கின்றன. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிளாடியா மூலர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புதிரைச் செய்து முடித்த பிள்ளைகளில் சிலரை அறிவாளி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள், தங்கள் பெயரைக் காப்பாற்றித் தரும் எளிய வேலையையே அடுத்துத் தேர்ந்தெடுக்க முற்பட்டார்கள். கடினமான புதிரில் தோற்றபின் அவர்களின் விடாமுயற்சி குறைந்தது, மதிப்பெண்ணும் இறங்கியது. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதையே கேட்டு வாங்கினார்கள். இந்த ஆய்வைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது தேர்வுக்கான குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஸ்குவாஷ் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது. மாஸ்டர் வாயிலிருந்து 'திறமைசாலி' என்ற சொல்லை 14 மாதங்களில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. "கால் சரியா வந்துச்சு", "மறுபடி", "இப்ப மட்டைய முன்னாடியே தூக்கின, பாத்தியா?" என்று, பிள்ளை அந்த நொடியில் செய்த ஒரு செயலைக் குறித்துத்தான் அவர் பேசுகிறார்.

பினாங்குக்காரர்களுக்கு ஸ்குவாஷ் என்றாலே நிக்கல் டேவிட்தான். புக்கிட் டும்பாரில் அவர் பெயரால் ஓர் அனைத்துலக ஸ்குவாஷ் மையமே இருக்கிறது. இந்த ஊரில் வளர்ந்து, தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் நிலை வீராங்கனையாக இருந்து, எட்டு முறை உலகப் பட்டத்தை வென்றவரைப் பற்றி, "அவருக்குப் பிறவியிலேயே இருந்தது" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருடைய வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. இளையோர் உலகப் பட்டத்தை 1999இலும் 2001இலும் வென்றவர் அவர். அதை இருமுறை வென்ற முதல் பெண்ணும் அவரே. முளையிலேயே தெரிந்த பயிர் என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் 2002 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரால் வெள்ளிதான் பெற முடிந்தது. 2003இல் வீட்டையும் ஊரையும் விட்டு ஆம்ஸ்டர்டாம் சென்று லிஸ் இர்விங் என்ற பயிற்றுநரிடம் சேர்ந்தார். பெரியவர்களுக்கான உலகப் பட்டம் 2005இல்தான் கைக்கு வந்தது. முதல் நிலை 2006இல். இளையோர் பட்டத்துக்கும் அதற்கும் இடையில் இருப்பவை குளிர்நாட்டில் கழிந்த பயிற்சிக் காலைகள். ஐந்தடி உயரத்தை ஒட்டிய உடல்வாகுடைய அவரை, என் மகளை அளந்த அந்த முகாமின் அளவுகோலில் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எட்டாவது பட்டத்தை அவர் 2014இல் கெய்ரோவில் வென்றார். இறுதியாட்டத்தில் இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையிலிருந்து மீண்டு வந்து வென்றார்.

வகுப்பிலுள்ள பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்து மாநிலமான கெடாவைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம்தான் இப்போது நெருக்கமானவர். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் நிக்கலிடம் தோற்றார். 2022இல் கடுமையான கார் விபத்தில் சிக்கிப் பல மாதங்கள் ஆட முடியாமல் போனது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும், 2024இல் லண்டனில் ஒரு பெரிய பட்டத்தையும் வென்றார். மாஸ்டர் இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்வதில்லை. யாராவது காய்ச்சலில் ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு, எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று அழுதால், "சிவசங்கரி அக்கா எதுல இருந்து ஆரம்பிச்சாங்க?" என்று மட்டும் கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில், "நடக்கறதுல இருந்து" என்பார்கள்.

பிறவித் திறமை என்ற ஒன்றே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பில் 11 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் முதல் நாளே முன்கை 19 அடித்தான். பந்து எங்கே வரும் என்பது அவனுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவனைப் பார்த்துப் பெற்றோர்கள் எல்லாரும் வியந்தோம்; உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. மாஸ்டர் அவனுக்கும் அதே 555 புத்தகத்தைத்தான் கொடுத்தார். ஆனால் கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கி, தரையில் நாடா ஒட்டி, அந்த 80 சென்டிமீட்டருக்குள் அடிக்கச் சொன்னார். அடுத்த நாள் அவனுடைய எண்ணிக்கை 3. அவன் மட்டையைத் தூக்கி எறிந்தான்; இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் அப்பா அழைத்துவந்தார். இன்று வகுப்பிலேயே நன்றாக ஆடுபவன் அவன்தான், என் மகள் அவனிடம் ஒரு செட்கூட வென்றதில்லை, வெல்வாள் என்ற உறுதியும் எனக்கில்லை. ஆனால் அவன் இன்று ஆடும் ஆட்டத்தை முதல் நாள் கொண்டுவந்த 19 தரவில்லை. நாடாவுக்குள் அடித்த ஓராண்டு தந்தது. அந்த இரண்டு வாரத்தோடு நின்றுபோயிருந்தால், 'அந்தப் பையனுக்கு எவ்வளவு திறமை இருந்தது தெரியுமா' என்று நாங்கள் இறந்தகாலத்தில் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

திட்டமிட்ட பயிற்சிதான் எல்லாம் என்பவர்களுக்கு எதிரான ஆய்வையும் நான் படித்திருக்கிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட ஒரு பகுப்பாய்வின்படி, விளையாட்டில் ஆளுக்கு ஆள் காணப்படும் திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத்தான் பயிற்சியின் அளவைக்கொண்டு விளக்க முடிகிறது. மீதி முழுவதும் பிறவி வரம் என்று அதற்குப் பொருளில்லை. தொடங்கிய வயது, பயிற்றுநர், உடல்வாகு, வாய்ப்பு என்று எத்தனையோ அதில் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை என் மகளால் மாற்ற முடியாது. அவளுடைய உயரத்தை என்னாலும் மாற்ற முடியாது. புதன்கிழமை மாலை 5 மணிக்கு மட்டையை எடுத்துக்கொண்டு போவது மட்டும் அவள் கையில் இருக்கிறது. வகுப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழு வேலையையும் அதில் செய்கிறது.

இனி குறைகள். கூடங்களில் காற்றோட்டம் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடமே சட்டை நனைந்துவிடும். இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் கட்டாயம். இரண்டாவது கூடத்தின் தரைப்பலகை ஓரிடத்தில் உப்பியிருக்கிறது, பந்து அங்கே விழுந்தால் திசை மாறும். வகுப்புக்கு வராமல் போனால் ஈடுசெய்யும் வகுப்பு கிடையாது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையாகவே மனக்குறையாக இருப்பது வேறு: ஆட்டம் மிகக் குறைவு. முதல் ஆறு மாதத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் 11 புள்ளி ஆட்டம் ஆடியது நான்கைந்து முறைதான் இருக்கும். பந்தே இல்லாமல், கூடத்தின் நடுப்புள்ளியிலிருந்து நான்கு மூலைகளுக்கும் இரு பக்கங்களுக்கும் ஓடிப்போய் வெறும் மட்டையை வீசிவிட்டு நடுவுக்குத் திரும்பும் பயிற்சியைப் பத்து நிமிடம் செய்யச் சொல்கிறார். கால் பழகுவதற்கு அது தேவைதான் என்றாலும், 8 வயதுப் பிள்ளை வெற்றுக் காற்றை அடித்துக்கொண்டு எத்தனை வாரம் ஆர்வமாக இருக்கும்? ஆட்டத்தின் மகிழ்ச்சிக்காக வந்த இரண்டு பிள்ளைகள் இதனாலேயே நின்றுபோனார்கள். இதை மாஸ்டரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி அரை மணி நேரம் ஆட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். அது இன்னும் போதாது என்பதே என் எண்ணம்.

மாதம் ஒருமுறை, ஞாயிறு அதிகாலையில் பிள்ளைகளைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நேரக் கணக்கு கிடையாது. நடுவில் நிற்காமல் ஏற வேண்டும், எவ்வளவு மெதுவாக ஏறினாலும் சரி. மேலே சாமி கும்பிட்டுவிட்டு இறங்கியதும் கீழே இட்டிலியோ தோசையோ வாங்கித் தருகிறார், அதற்குத் தனிக்கட்டணம் வாங்குவதில்லை. மற்ற மதத்துப் பிள்ளைகள் படி ஏறிவிட்டு வெளியே காத்திருக்கிறார்கள். என் மகளுக்கு வகுப்பிலேயே மிகவும் பிடித்த நாள் இதுதான்.

யாருக்கு இந்த வகுப்பு ஏற்றது என்று கேட்டால், ஆறு மாதத்தில் பதக்கம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று தயங்காமல் சொல்வேன். 14 மாதத்தில் என் மகள் கலந்துகொண்டது ஒரே ஒரு பள்ளி அளவிலான போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றாள். தோற்றுவிட்டு வெளியே வந்தவள், "அம்மா, அந்த அக்கா பின்கையில போட்டதுல எட்டுப் பந்த திருப்பி அடிச்சேன்" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். முகாமிலிருந்து திரும்பிய நாளில் அவள் கேட்ட அந்தக் கேள்வி அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

சேர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை 8 மணிக்கு முன்பே போய் நேரில் பேசுவது நல்லது. கைப்பேசியை அவர் பயிற்சி நேரத்தில் எடுப்பதில்லை. தரையில் கறை விடாத அடியுள்ள காலணி கட்டாயம், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவரே இரவல் தருகிறார். மட்டை உடனே வாங்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்துக்கு வகுப்பு மட்டைகளே போதும். முதல் 555 புத்தகத்தை அவர் கொடுத்துவிடுவார், அடுத்தவற்றை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகள் போன வாரம் மூன்றாவது புத்தகத்தைத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் முன்கை 46, பின்கை 27 என்று எழுதியிருக்கிறாள். கீழே பென்சில் கோடுகள் அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கின்றன.